முதலிடம் எந்த ஆயுதத்துக்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பேருந்தில் ஒரு நாள் மாலை எனக்கு முன் இருக்கையில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தனர். ஒருவன் கையில் கைப்பேசி. திரையில் ஜப்பானிய அனிமே படங்களின் பாணியில் ஒரு சண்டை விளையாட்டு. ஆளைவிட நீளமான ஒரு வாளைத் தோளில் சாய்த்தபடி ஒரு வீரன் நின்றுகொண்டிருந்தான்.

"300 ரூபாய் குடுத்து இதை வாங்கினியா? வேஸ்ட்டுடா! ரெட்டைக் கத்திதான் இப்போ டாப்பு" என்றான் ஒருவன்.

"லிஸ்ட்டுல இதுதான் எஸ் ரேங்க். நீ போய்ப் பாரு" என்றான் வாளுக்கு உரியவன். அவன் குரலில் உறுதி குறைவாகவே இருந்தது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலருக்கு இந்தப் பட்டியல்கள் பழக்கமானவையே. விளையாட்டில் உள்ள ஆயுதங்களையெல்லாம் எஸ், ஏ, பி, சி என்று படிகளாக அடுக்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே எஸ். இது ஜப்பானிய விளையாட்டுகளிலிருந்து பரவிய வழக்கம். அன்று அந்தப் பையனிடம் நான் எதுவும் பேசவில்லை. ஆனால் ஓசூர் வந்து சேரும்வரை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கணக்கை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். 300 ரூபாய் சிறிய தொகையன்று. ஒரு பட்டியலை நம்பி அதைக் கொடுக்குமுன் பட்டியல் எதை அளக்கிறது என்று பார்த்துவிடுவோமே!

முதலில் அந்தப் பெரிய வாளை எடுத்துக்கொள்வோம். விளையாட்டை மறந்துவிடுங்கள், அப்படி ஒரு வாள் உண்மையிலேயே நம் கையில் இருந்தால் என்ன ஆகும்?

சாதாரண வாள் ஒன்றின் நீளம் 0.9 மீட்டர், நிறை 1 கிலோகிராம் என்று கொள்வோம். உண்மையான வாள்களின் அளவு ஏறத்தாழ இதுதான். இதை அப்படியே எல்லாப் பக்கமும் இரு மடங்காக்குங்கள். நீளம் 1.8 மீட்டர். நிறை? இரண்டு கிலோ என்று சொல்லிவிடாதீர்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றுமே இரட்டிப்பதால் நிறை 2 × 2 × 2, அதாவது 8 கிலோகிராம் ஆகிறது.

வாளைத் தூக்குவது ஒரு வேலை. சுழற்றுவது வேறு வேலை. சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். ஒரு முனையில் பிடித்துச் சுழற்றும் சீரான தண்டுக்கு இது நிறையையும் நீளத்தின் இருபடியையும் பெருக்கி மூன்றால் வகுத்தால் கிடைக்கும். வாளையும் தண்டாகவே கொள்வோம். சாதாரண வாளுக்கு 0.27 கிலோகிராம் மீட்டர்². பெரிய வாளுக்கு 8.64. வகுத்துப் பாருங்கள், 32 மடங்கு! நிறை 8 மடங்கு, நீளத்தின் இருபடி 4 மடங்கு. இரண்டும் சேர்ந்து 32.

நம் வீரனுடைய கை 27 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓய்விலிருந்து தொடங்கி 2 ரேடியன், அதாவது ஏறத்தாழ 115 பாகை, வாளை வீசுகிறான். சாதாரண வாளின் கோண முடுக்கம் 27 ÷ 0.27 = 100 ரேடியன்/விநாடி². வீச்சுக்கு ஆகும் நேரம் சரியாக 0.2 விநாடி. முடிவில் வாள் முனையின் வேகம் விநாடிக்கு 18 மீட்டர்.

அதே கை, அதே விசை, பெரிய வாள். நேரம் 1.13 விநாடி. முனையின் வேகம் விநாடிக்கு 6.4 மீட்டர்தான். வாள் பெரிதானதும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நின்றுவிட்டது.

"வேகம் குறைந்தாலும் அடி பலமாக இருக்குமே, சார்" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அடியின் ஆற்றலைக் கணக்கிடுவோம். சுழலும் பொருளின் இயக்க ஆற்றல், நிலைமத் திருப்புத்திறனையும் கோணத் திசைவேகத்தின் இருபடியையும் பெருக்கியதில் பாதி. சாதாரண வாளுக்கு 54 ஜூல். பெரிய வாளுக்கு... அதுவும் 54 ஜூல்!

நானும் முதலில் கணக்கில் பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை. செய்யப்பட்ட வேலை என்பது திருப்பு விசையையும் சுழன்ற கோணத்தையும் பெருக்கியது. 27ஐ 2ஆல் பெருக்கினால் 54. இந்தக் கணக்கில் வாளின் நிறைக்கு இடமே இல்லை. ஆற்றல் கையிலிருந்து வருகிறது. வாள் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும் பாத்திரம் மட்டுமே. பாத்திரத்தைப் பெரிதாக்கினால் அதிகத் தண்ணீர் வந்துவிடுமா? பெரிய வாளுக்குக் கோண உந்தம் மட்டும் 5.7 மடங்கு கூடும். எதிரியைப் பின்னே தள்ள அது உதவலாம். வீசிய வீரனையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்பதை அனிமே ஓவியர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

அப்படியானால் ஆயுதம் சிறுக்கச் சிறுக்க நல்லதா? இரட்டைக் கத்திக்காரன் கட்சியையும் சோதிப்போம். வாளை எல்லாப் பக்கமும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து 0.3 மீட்டர்க் கத்தியாக்குங்கள். மேலே போட்ட கணக்கையே போட்டால் கத்தி முனையின் வேகம் விநாடிக்கு 90 மீட்டரைத் தாண்டுகிறது! மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல். எந்த மனிதக் கையும் இதைச் செய்யாது. கணக்கு நம்மை ஏமாற்றவில்லை. நாம்தான் ஒன்றை விட்டுவிட்டோம். வீசும்போது கத்தி மட்டுமா சுழல்கிறது? கையும் சேர்ந்து சுழல்கிறது. ஆயுதம் மிகச் சிறிதானால் ஆற்றலில் பெரும்பங்கு கையை அசைப்பதிலேயே போய்விடும். கத்திக்குக் கிடைப்பது சொற்பம். வாள்களின் கணக்கிலும் கையைச் சேர்த்தால் எண்கள் மாறும். பெரிய வாள் மெதுவாகவே வரும் என்பது மட்டும் மாறாது. கையை அசைப்பதில் வீணாகாமலும் வீச்சு தாமதமாகாமலும் இருக்க, ஆயுதத்தின் நிறை இரண்டுக்கும் நடுவில் அமைய வேண்டும். வாளடித்த கொல்லர்கள் ஒரு கிலோவை ஒட்டியே நின்றது தற்செயல் அன்று.

சிலம்பக் கம்பில் இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட கம்பை எடுத்து, ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். பிறகு நடுவில் பிடித்துச் சுழற்றுங்கள். வீட்டில் கம்பு இல்லையென்றால் ஒட்டடைக் கம்பு போதும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. நடுவில் பிடித்தால் நிலைமத் திருப்புத்திறன் முனைப் பிடியில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான். 1.6 மீட்டர்க் கம்பை நடுவில் பிடித்து விநாடிக்கு மூன்று சுற்று சுற்றினால் அதன் முனைகள் விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. எதிரி தொலைவில் நின்றால் பிடியை முனைப்பக்கம் நகர்த்தி எட்ட அடிக்கலாம். பிடி நகர நகர அது வேறு வேறு ஆயுதமாகிறது. இதை எந்தப் படியில் வைப்பது, சொல்லுங்கள்?

சரி, விளையாட்டுக்கு வருவோம். அங்கே இயற்பியல் விதிகள் ஆட்சி செய்வதில்லை. விளையாட்டைச் செய்தவர் எழுதி வைத்த எண்கள் ஆட்சி செய்கின்றன. ஆனால் அந்த எண்களுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. இத்தகைய விளையாட்டுகளில் திரைப்படம் விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுவது வழக்கம். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறார்கள். ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லிவிநாடி. ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை இருப்பது உங்களுக்குத் தெரியும். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தினுள் உள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது 546 முறை அதிர்வதற்குள் ஒரு பிரேம் முடிந்துவிடும்.

நம் சாதாரண வாளின் 0.2 விநாடி வீச்சு 12 பிரேம். பெரிய வாளின் வீச்சு 68 பிரேம். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று அறிய ஓர் அளவுகோல் போதும். நண்பனை 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சுழிக் குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தீர்களானால், தடையின்றி விழும் பொருளின் சமன்பாட்டின்படி உங்கள் கண்ணும் மூளையும் விரலும் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 விநாடி. அதாவது 12 பிரேம்! ஆகவே 12 பிரேம் வீச்சைப் பார்த்துவிட்டுத் தடுக்க முடியாது. முன்கூட்டியே ஊகித்தால்தான் உண்டு. 68 பிரேம் வீச்சையோ பார்த்து, யோசித்து, விலகி, திரும்பி ஓர் அடியும் கொடுக்கலாம்.

எதிரி வேறு ஊரில் இருந்தால் இன்னொரு தாமதம் சேர்கிறது. ஜூஜுவாடியில் ஒருவன், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒருவன். இருவருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் விளையாட்டின் சேவைக் கணினி மும்பையில் இருந்தால், ஒருவன் கொடுக்கும் அடி மும்பைக்குப் போய்த்தான் மற்றவனிடம் திரும்பி வரும்! கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. போகவர 2000 கிலோமீட்டர் என்றால் 10 மில்லிவிநாடி. ஒரு பிரேமுக்குள் அடங்கிவிடும். கணினி ஜப்பானில் இருந்தால் நேர்க்கோட்டில் பார்த்தாலே போகவர ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். ஒளிக்கே 65 மில்லிவிநாடி, அதாவது ஏறத்தாழ நான்கு பிரேம், தேவைப்படும். வழியிலுள்ள கருவிகளின் தாமதம் தனி. மெதுவாக வரும் அடிக்கு நான்கு பிரேம் ஒரு பொருட்டல்ல. விரைவாக வரும் அடியைப் பார்த்துத் தடுக்க நினைப்பவனுக்கோ அதுவே தோல்வி. ஆக, அதே இரு ஆயுதங்களின் தரம் சேவைக் கணினி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

இனி எண்களைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, பெரிய வாளின் ஓர் அடிக்கு 40 பிரேம் ஆகிறது. அது 100 உயிர்ப்புள்ளியைக் குறைக்கிறது. இரட்டைக் கத்தியின் ஓர் அடிக்கு 9 பிரேம். குறைவது 18 புள்ளி. பட்டியல் தயாரிப்பவர் உடனே ஒரு விநாடிக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார். பெரிய வாளுக்கு 150, கத்திக்கு 120. "பெரிய வாள் எஸ், கத்தி ஏ" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

எதிரிக்கு 200 உயிர்ப்புள்ளி இருந்தால் அவர் சொன்னது சரியே. வாளுக்கு 2 அடி, 80 பிரேம். கத்திக்கு 12 அடி, 108 பிரேம். இப்போது எதிரி 10 புள்ளி மட்டும் கூடுதலாகப் பெற்று 210 ஆகிவிட்டான் என்று வையுங்கள். வாளுக்கு மூன்றாவது அடி தேவை, 120 பிரேம். கத்திக்கு அதே 12 அடி போதும், ஏனெனில் 12 × 18 = 216. நேரம் 108 பிரேம்தான். பட்டியல் தலைகீழாகிவிட்டது! இரண்டு ஆயுதங்களிலும் ஓர் எண்கூட மாறவில்லை, மாறியது எதிரி. அடி என்பது முழு எண். இரண்டே கால் அடி அடிக்க முடியாது. விநாடிக்கு 150 என்ற சராசரிக்குள் இந்தச் செய்தி ஒளிந்துகொண்டுவிடுகிறது. பேருந்தில் பேசிக்கொண்ட இருவருமே சரியாக இருந்திருக்கலாம். யாரோடு மோதினார்கள் என்பதுதான் கேள்வி.

உண்மையான போரிலும் இப்படித்தானா என்று கேட்பவர்கள், பேருந்தின் சன்னல் வழியே கிருஷ்ணகிரி மலையைப் பார்க்கலாம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792-இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை மைசூர் அரசின் கீழ் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1791 நவம்பரில், ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைத் தாக்கியது. துப்பாக்கி, ஏணி, பயிற்சி எல்லாம் அவர்களிடம் இருந்தன. கீழே உள்ள ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். மேல்கோட்டையில் ஏற முயன்றபோது மேலேயிருந்து பெரும் கற்கள் உருண்டு வந்தன. ஏணிகளும் ஆட்களும் நசுங்க, தாக்குதல் தோற்றது. கல்லை எந்தப் பட்டியல்காரர் எஸ் படியில் வைப்பார்? ஆனால் 50 கிலோகிராம் கல் ஒன்று 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 14,700 ஜூல். நம் வாள் வீச்சின் 54 ஜூலோடு ஒப்பிட்டால் 272 வீச்சுகளுக்குச் சமம். அந்த ஆற்றலைத் தந்தது மலை. அந்தக் கல்லையே சமவெளிக்கு எடுத்து வந்தால் அது வெறும் சுமை!

அதே மைசூர்ப் படையிடம் இருந்த ஏவுகணைகளைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் அட்டைக் குழாய்களில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே இரும்புக் குழாயைப் பயன்படுத்தினார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். வாயு வேகமாகப் பீறிடும். ஏவுகணை ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லும். குழாயோடு நீண்ட மூங்கில் கழியைக் கட்டியது பறக்கும்போது தடுமாறாமல் இருக்க. அப்படியும் குறி தவறுவது மிகுதி. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போரில் இவை பறந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அவர்கள் படுதோல்வி அடைந்தனர். நெருங்கி நின்ற பெரும்படையைத் தாக்க, குறி அவ்வளவு தேவையில்லை. தனியாக நிற்கும் ஒரு வீரனைத் தாக்க வேண்டுமானால் இதே ஏவுகணை பட்டியலின் அடியில்தான் இருக்கும். தொலைவுக்கு ஒரு பட்டியல், குறிக்கு ஒரு பட்டியல்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களை நிதானமாகப் பாருங்கள். இம்மாவட்டத்தில் அவை ஏராளம். ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்டவை பல. இத்தகைய கற்களில் வீரனின் ஒரு கையில் வாளும் மறு கையில் வில்லும் இருப்பதைக் காணலாம். தொலைவில் இருப்பவனுக்கு வில், அருகில் வருபவனுக்கு வாள். சில கற்களில் வீரனின் உடலில் அம்புகள் தைத்திருக்கும், ஓங்கிய வாள் ஓங்கியபடியே இருக்கும். வாளின் எட்டும் தொலைவுக்கு எதிரி வரவே இல்லை போலும்.

கடைசியாக ஒரு சிறு விளையாட்டு, கைப்பேசி வேண்டாம். ஒன்பது துண்டுச் சீட்டுகளில் 1 முதல் 9 வரை எழுதுங்கள். கம்பு என்ற உறையில் 2, 4, 9 சீட்டுகளைப் போடுங்கள். வாள் உறையில் 1, 6, 8. கத்தி உறையில் 3, 5, 7. மூன்று உறைகளிலும் கூட்டுத்தொகை 15, யாருக்கும் குறைவில்லை. இரண்டு உறைகளிலிருந்து பார்க்காமல் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, பெரிய எண் வைத்திருப்பவர் வென்றதாகக் கொண்டு, சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு மீண்டும் எடுங்கள். கம்பும் வாளும் மோதினால் உண்டாகும் ஒன்பது சாத்தியங்களில் ஐந்தில் கம்பு வெல்லும். வாளும் கத்தியும் மோதினால் ஒன்பதில் ஐந்து வாளுக்கு. அப்படியென்றால் கம்புதான் எல்லாவற்றையும் வெல்லும் என்று தோன்றுகிறதல்லவா? கம்பையும் கத்தியையும் மோதவிட்டுப் பாருங்கள். ஒன்பதில் ஐந்து கத்திக்கு! ஒன்பது சாத்தியங்களையும் எழுதிப் பார்த்தால் விளங்கும். 90 முறை எடுத்துப் பார்த்தாலும் 50-ஐ ஒட்டி வரும். இந்த மூன்றையும் மேலிருந்து கீழாக அடுக்கவே வழியில்லை.

வரைபடத் தாள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. கிடை அச்சில் எதிரியின் உயிர்ப்புள்ளி, 10 முதல் 300 வரை. செங்குத்து அச்சில் அவனை வீழ்த்த ஆகும் பிரேம்கள். பெரிய வாளுக்கு உயரமான படிகளும் கத்திக்குச் சிறு படிகளுமாக இரண்டு மாடிப்படிகள் வரும். அவை ஒன்றையொன்று எங்கெங்கே தாண்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 73-இல் ஓர் இடம் உண்டு. மற்றவற்றை நீங்களே கண்டுபிடியுங்கள்.